கம்பெனிக்குச் சொந்தமான முடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பாட வராது. கிதார் என்பதைக் கல்யாண வீட்டு மேடையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தவை இரண்டே வாக்கியங்கள். ஒன்று, பெல்ட்டை நிறுத்து. இன்னொன்று, லீவு எப்போ சார். இந்தத் தகுதியோடு நான் ஐந்து மாதம் ஓர் இங்கிலீஷ் பாட்டுக் கோஷ்டிக்குத் தலைவனாக இருந்தேன். துபாயில் வெள்ளைக்காரப் பாட்டிமார் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்திருக்கிறார்கள். நம்பவில்லை என்றால் கம்பெனியில் கேட்டுப் பாருங்கள். மூன்று நகலில் ரிக்கார்டு வைத்திருக்கிறார்கள்.

கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு மெமோ வரும். ராஸ் அல் கைமாவில் மலையை உடைத்து ஜல்லியாக்கித் துபாய்க்கு அனுப்புகிற கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே கிரஷர் ஆபரேட்டர், பெயர் அம்மையப்பன். மலை ஒரு பக்கம் உள்ளே போகும், மறுபக்கம் ஜல்லியாக வெளியே வரும், நடுவில் நான் பன்னிரண்டு மணி நேரம் நிற்பேன்.

எனக்குத் தோளுக்குக் கீழே முடி. ஸ்டைலுக்கு இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, 2004 பங்குனியில், என் மனைவி வடிவுக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தது. பதினொரு நாள் மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். நான் கேம்ப்பில் போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேறு என்ன செய்ய? என் மகனைக் கொடு சோணையா, அவன் முடியையும் என் முடியையும் ஒரே நாளில் உன் வாசலில் இறக்குகிறேன் என்று எங்கள் குலசாமிக்கு நேர்ந்துகொண்டேன். சாமி மகனைக் கொடுத்துவிட்டது. கம்பெனி லீவைக் கொடுக்கவில்லை. 2005-இல் எனக்கு வரவேண்டிய லீவைப் புது பிளான்ட் என்று தள்ளினார்கள், 2006-இல் அதே பிளான்ட் பழையதாகிவிட்டது என்று தள்ளினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள், எங்கள் பூசாரிக்கு மனிதவளத் துறை என்று பெயர்.

மகனுக்கு மூன்று வயது முடிவதற்குள் மொட்டை போட்டாக வேண்டும், எங்கள் வழக்கப்படி அது சிவராத்திரியன்று நடக்க வேண்டும். 2007 பிப்ரவரி பதினாறு. அதைத் தவறவிட்டால் ஐந்தாம் வயதுதான். அதுவரை என் மகனை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். பின்னி விட்ட தலையோடு, பெண் பிள்ளை மாதிரி.

கேம்ப்பில் முடி வளர்த்தவன் நான் மட்டுமில்லை. தங்கச்சி கல்யாணத்துக்காகப் பழனிக்கு வளர்த்த பாலகுரு இருந்தான். வரப்புத் தகராறில் ஜெயித்தால் குலசாமிக்கு என்று வளர்த்த வைரவன் இருந்தான். நான்காவது கௌஸ் முகைதீன். விசாவில் ஏசி மெக்கானிக், வெள்ளிக்கிழமைகளில் கேம்ப்புக்கு நாவிதர். அவருக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. தன் தலையைத் தன்னால் வெட்டிக்கொள்ள முடியாது, இன்னொருத்தன் கத்தியில் நம்பிக்கை இல்லை, அதனால் வளர்ந்துவிட்டது. எங்கள் நால்வருக்கும் தலைக்கு மூன்று எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. கன்வேயர் பெல்ட்டில் முடி சிக்கும், காதுக்கு மேலே வெட்டு என்று. நியாயமான விதிதான், நானே ஒப்புக்கொள்கிறேன். துணியால் இறுக்கிக் கட்டி, மேலே ஹெல்மெட்டைக் கவிழ்த்து, சமாளித்துக்கொண்டிருந்தோம்.

2006-இல் கம்பெனிக்கு இருபத்தைந்து வயது முடிந்தது. வெள்ளிவிழாவுக்கு மனிதவளத் துறை ஒரு கமிட்டி போட்டது. எங்கள் மனிதவளத் துறைக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது, கமிட்டி என்றால் உயிர். அதற்குத் தலைவர் வெங்கட்ராமன் சார், மேனேஜர், குடும்பத்தோடு டவுனில் வில்லாவில் இருப்பவர். உச்சந்தலையில் ஒரு முடி கிடையாது, அது அவர் தப்பில்லை.

ஜெனரல் மேனேஜர் பெம்பர்ட்டன் இங்கிலாந்துக்காரர். சின்ன வயதில் அவர் ஊர்த் துறைமுகத்தில் நாலு பையன்கள் சேர்ந்து ஒரு கோஷ்டி வைத்திருந்தார்களாம். டின் அம்ப்ரெல்லாஸ் என்று பெயர், தகரக் குடைகள். அறுபதுகளில் நாலே வருஷத்தில் ஓகோவென்று ஏறி, அதே வேகத்தில் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்களாம். பெம்பர்ட்டன் அவர்கள் பின்னாலேயே குடை பிடித்துத் திரிந்தவர். வெள்ளிவிழாவுக்கு அவர்களையே கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். இங்கிலாந்துக்குக் கடிதம் போனது. பதில் வந்தது. ஒருவர் காலமாகிவிட்டார், இரண்டு பேர் வக்கீல் மூலமாக மட்டும் பேசிக்கொள்கிறார்கள், நான்காமவர் இடுப்பு ஆபரேஷனுக்குப் படுத்திருக்கிறார்.

வெளியிலிருந்து வாங்க முடியாததைக் கம்பெனிக்குள்ளேயே செய்துகொள்வது எங்கள் கொள்கை. வெங்கட்ராமன் சார் கோஷ்டியின் போட்டோவை உற்றுப் பார்த்தார். நாலு ஆண்கள், நாலு பேருக்கும் தோள் வரை முடி. உடனே எச்சரிக்கைக் கடிதங்கள் இருந்த பைலைக் கொண்டுவரச் சொன்னார். சரியாக நாலு பெயர் இருந்தது. தேர்வு பத்து நிமிஷத்தில் முடிந்தது.

எங்களை வரிசையாக நிற்க வைத்து விஷயத்தைச் சொன்னார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பாட்டு தெரியாதே சார் என்றான் பாலகுரு.

"பாட்டு ட்ரெயினிங்ல வந்துடும்பா. முடி ட்ரெயினிங்ல வராது" என்றார் வெங்கட்ராமன் சார். "எனக்கு மட்டும் முடி இருந்தா உங்களையெல்லாம் எதுக்குக் கூப்பிடப்போறேன், நானே பாடியிருப்பேன்."

நான் ஒரு நிபந்தனை கேட்டேன். விழா ஜனவரியில், எனக்கு பிப்ரவரியில் லீவு வேண்டும். தாராளமா என்றார். வாயால்தான் சொன்னார்.

அதன் பிறகு எங்கள் முடிக்கு வந்த மரியாதை எங்களுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. ஸ்டோரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஷாம்பு கொடுத்தார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. ஜல்லியின் அளவைச் சோதிக்கிற லேப்பில் வாராவாரம் எங்கள் முடியை வெர்னியரால் அளந்தார்கள். லேப் பையன் பழக்கதோஷத்தில் என் முடியை இருபது மில்லி சல்லடையில் போடப் பார்த்தான், நல்லவேளை தலை உள்ளே போகவில்லை. சொத்துப் பதிவேட்டில் எங்கள் முடிக்கு எண் கொடுத்தார்கள். எண் அச்சடித்த ஸ்டிக்கர் முடியில் ஒட்டாததால் ஹெல்மெட்டில் ஒட்டினார்கள்.

ஹெல்மெட்டால் பெரிய சிக்கல் வந்தது. சேப்டி ஆபீசர், கம்பெனி எல்லைக்குள் யாராக இருந்தாலும் ஹெல்மெட் போட வேண்டும், மேடையும் எல்லைக்குள்தான் என்றார். ஹெல்மெட் போட்டால் முடி தெரியாது, முடி தெரியாவிட்டால் நாங்கள் எதற்கு? இதைப் பேச மூன்று வாரம் கமிட்டி கூடியது. கடைசியில், ஹெல்மெட் போட வேண்டும், முடி அதற்குக் கீழே தொங்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். முடி ஏற்கெனவே அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒத்திகை டியூட்டி முடிந்த பிறகு. அது வேலை இல்லையாம், பொழுதுபோக்காம். பொழுதுபோக்குக்கு வராதவர்களுக்குச் சம்பளம் பிடிக்கப்படும் என்று போர்டு வைத்தார்கள். கிதார் வாங்க மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்டு, குறைந்த விலைக்காரனிடம் வாங்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசிக்கிற குட்டி கிதார் வந்தது. அதில் கம்பி கையைக் கிழிக்கும் என்று சேப்டி ஆபீசர் கம்பிகளைக் கழற்றிவிட்டார். எங்களுக்கு அது நிம்மதியாகப் போனது, பாட்டு சிடியில் ஓடும், நாங்கள் வாயை அசைத்தால் போதும் என்றாகிவிட்டது. தலைவர் யார் என்று ஒரு கேள்வி வந்தது. ஒரிஜினல் கோஷ்டி இந்தக் கேள்வியில்தான் உடைந்ததாம். எங்களுக்கு சீனியாரிட்டி லிஸ்ட் இருக்கிறதே. குறைந்த லேபர் நம்பர் என்னுடையது, நான் தலைவன்.

வெள்ளிவிழா அன்று நாங்கள் மேடை ஏறி வாயைத் திறந்தோம். கேம்ப்பே எழுந்து விசிலடித்தது. பிகார்க்காரர்களும் பட்டாணியர்களும் எங்களைப் பார்த்துக் கையை வீசினார்கள். பெம்பர்ட்டன் முன்வரிசையில் கண்ணீர் விட்டார். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் கொஞ்சம் குளுகுளுவென்றுதான் இருந்தது. ஆறு வருஷம் தூசிக்குள் நின்றவனை நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் இனிக்காது? அடுத்த வாரம் துபாயில் வெள்ளைக்காரர்கள் கிளப்பில் கூப்பிட்டார்கள். அதற்கடுத்து ஒரு கோல்ப் மைதானத்தில். பாட்டிமார் வந்து, நீங்கள் அசல் அவர்களேதான் என்றார்களாம். கௌஸ் பாய் மொழிபெயர்த்துச் சொன்னார். எங்களுக்கு ரசிகர்கள் வந்தார்கள், பாராட்டுக் கடிதம் வந்தது, கேம்ப் சாப்பாட்டில் ஆளுக்கு ஒரு முட்டை கூட வந்தது. லீவு மட்டும் வரவில்லை.

வடிவு வாரத்துக்கு ஒருமுறை போன் பண்ணுவாள். பிள்ளைக்குத் தலையில் பேன் ஏறிவிட்டது, சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது, தூங்க மாட்டேன் என்கிறான் என்பாள். அப்பா எப்போ வரும் என்று கேட்கிறானாம். அது வரும் என்று இவள் சொல்கிறாளாம். ஒருநாள் அவளுக்கும் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, அங்கிட்டு உங்க தலைய அளக்குறாக, இங்கிட்டு பிள்ளை தலையில புழுவு வைக்கிற மாதிரி இருக்கு. யாரு தலை பெருசுன்டு நீங்களே முடிவு பண்ணிக்கிருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிப்ரவரி முதல் தேதி வெங்கட்ராமன் சார் முன்னால் போய் நின்றேன். அவர் சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தார். கோஷ்டியின் வளர்ச்சி, உச்சம், பிரிவு, எல்லாம் கட்டம் கட்டமாகக் கலர் அடித்திருந்தது. பெம்பர்ட்டனுக்கு எல்லாமே அசல் மாதிரி நடக்க வேண்டுமாம், ஆகவே நாங்களும் பிரிந்தாக வேண்டுமாம். பிரிவு விழா மார்ச் இருபத்திரண்டு, தலைமை விருந்தினராகச் சேர்மனே வர ஒப்புக்கொண்டுவிட்டார், அதற்குப் பிறகு தாராளமாக லீவு என்றார். சார், சிவராத்திரி பதினாறு, அதற்கு முன்னாலேயே பிரிந்துகொள்கிறோம் என்றேன். பிரிவதற்கு ஒரு முறை இல்லையா என்றார். விக் வைத்து வேறு யாரையாவது நிறுத்துங்கள் என்றேன். அப்போதுதான் அவர் அந்தப் பேச்சைப் பேசினார்.

"இதோ பாருங்கோ அம்மையப்பன், எமோஷன் வேற, இன்வென்டரி வேற. இந்த முடிக்கு ஷாம்பு போட்டது யாரு? கம்பெனி. அளந்தது யாரு? கம்பெனி. நீங்க அதைச் சுமந்துண்டு நடக்கறேள், அவ்வளவுதான். கன்வேயர் பெல்ட் ஜல்லியைச் சுமக்கறது, அது என்னிக்காவது ஜல்லி என்னுதுன்னு சொல்லியிருக்கா? கடவுள் எங்கயும் போயிடமாட்டார். சேர்மன் சீக்கிரம் போயிடுவார், அவருக்கு மூணு மணிக்கு ஃப்ளைட்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? இவர் முடியைக் கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், என் மகன் தலையையும் சேர்த்தல்லவா பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்? வெளியே வந்தேன். அன்று ரூமில் மற்ற மூவரிடமும் சொன்னேன், என்ன ஆனாலும் பதினாறாம் தேதி நான் ஊரில் இருப்பேன் என்று. வேலை போகும், விசா கேன்சல் ஆகும், மறுபடி உள்ளே வரவிடாமல் பேன் என்று தடை போடுவார்கள் என்று வைரவன் எச்சரித்தான். போகட்டும் என்றேன்.

ஒன்பதாம் தேதி துபாயில் ஒரு ஓட்டலில் நிகழ்ச்சி. கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். விளக்கு எரிந்தது, சிடி ஓடியது. முதல் பாட்டு தொடங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை.

கைகளைக் கட்டிக்கொண்டு, ஹெல்மெட்டோடு, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டு பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. பாலகுரு என்னைப் பார்த்தான், அவனும் மூடிக்கொண்டான். பிறகு வைரவன். கௌஸ் பாய் டிரம் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார், டிரம் தானாக அடித்துக்கொண்டிருந்தது. மூன்று நிமிஷம். ஒரு குழந்தை மட்டும் சிரித்தது. ஓரத்திலிருந்து வெங்கட்ராமன் சார் தன் வாயைத் திறந்து திறந்து மூடி எங்களுக்கு ஜாடை காட்டினார். அந்தக் கூட்டத்தில் பாட்டுக்குச் சரியாக வாயசைத்தது அவர் ஒருவர்தான்.

பெம்பர்ட்டன் எழுந்து நின்று கைதட்டினார். கடைசிக் கச்சேரியில் அசல் தகரக் குடைகளும் இப்படித்தான் வாய் திறக்காமல் நின்றார்களாம், இவ்வளவு நுணுக்கமாக யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாராம். வெங்கட்ராமன் சார், எங்கள் ட்ரெயினிங் என்று சொல்லிவிட்டார்.

சொன்னது அவர், விசாரணை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. மாலை 7.40 முதல் 7.43 வரை, கம்பெனி பாடிக்கொண்டிருந்தபோது, கம்பெனிக்காக ஒதுக்கப்பட்ட வாயை வேண்டுமென்றே மூடி வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. ஏன் திறக்கவில்லை என்று கேட்டார் வெங்கட்ராமன் சார்.

"நாலு மாசமா இந்த வாயத் தொறந்துதான் சார் லீவு கேட்டேன்" என்றேன். "அப்ப உங்களுக்குக் கேக்கல. மூடுனதும் கேட்டுருச்சு."

கமிட்டியில் ஒருவர் இருமினார். சார் குரலைத் தணித்தார். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு, மார்ச்சில் அனுப்பிவிடுகிறோம், வேலையும் போகாது, பேனும் கிடையாது என்றார். வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். நான் அதைத் தொடவில்லை.

"மன்னிப்பு கேக்க வேண்டியதுதான் சார். பிறந்து மூணு வருசமா முகத்தைக் காட்டாத அப்பன் நான். என் மகன்கிட்டதான் கேக்கணும். அதுக்குத்தான் ஊருக்குப் போறேன்."

கலாஸ், கதை முடிந்தது. லீவு என்றால் மாதக்கணக்கில் நகராத பேப்பர், கேன்சல் என்றதும் மூன்றே நாளில் ஓடியது. ஒரு வருஷம் பேன் அடித்தார்கள். டின் அம்ப்ரெல்லாஸ் கலைக்கப்பட்டது என்று நோட்டீஸ் போர்டில் சர்க்குலர் ஏறியது. பிரிவு இலக்கை நாற்பத்தோரு நாள் முன்பாகவே எட்டிய மனிதவளத் துறைக்கு அதிலேயே பாராட்டும் இருந்தது. கௌஸ் பாய் என்னை வண்டியேற்றும்போது, அண்ணே, நம்ம ஊர் நாவிதர் கத்தியைப் புதுசா மாத்தச் சொல்லுங்க என்று மட்டும் சொன்னார்.

பதினைந்தாம் தேதி ஊர் வந்து சேர்ந்தேன். மகன் வடிவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த அக்கா யாரு" என்று கேட்டான். வடிவு சிரித்தாள், பிறகு அழுதாள். நான் கையை நீட்டினேன், அவன் வரவில்லை. இரவெல்லாம் நான் படுத்திருந்த பக்கமே திரும்பவில்லை.

மறுநாள் சோணையா கோயிலில் கூட்டம் நெரிந்தது. வடிவின் தம்பி அன்பரசன், தாய்மாமன் முறைக்கு, மகனை மடியில் உட்கார வைத்துக்கொண்டான். கத்தி பட்டதும் பிள்ளை ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறினான். அவன் தலை மழித்துச் சந்தனம் பூசி முடிந்ததும் நான் குனிந்து உட்கார்ந்தேன். எனக்கு இடது பாதி முடிந்திருந்தபோது அன்பரசனின் போன் அடித்தது. என் அவசரத் தொடர்பு எண் என்று பாரத்தில் எழுதிக் கொடுத்த நம்பர் அது. ஆறு வருஷத்தில் கம்பெனி அந்த எண்ணைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வெங்கட்ராமன் சார்தான். ஓமனில் சலாலா கிளைத் திறப்பு விழாவுக்கு அர்பாபே எங்களைக் கேட்டிருக்கிறாராம், முதலாளி கேட்டால் மறுக்க முடியுமா? பிரிந்த கோஷ்டிகள் மறுபடி சேர்வது இங்கிலாந்தில் வழக்கமாம், பெம்பர்ட்டன் சொன்னாராம். பேனை எடுத்துவிடுகிறார்களாம், போர்மேன் கிரேடு கொடுக்கிறார்களாம், மற்ற மூவரும் நீ வந்தால்தான் வருவோம் என்று நிற்கிறார்களாம்.

"இன்னும் முடி எடுக்கலையே?" என்றார்.

"பாதி எடுத்தாச்சு சார்."

அந்தப் பக்கம் யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது. "நிறுத்துங்கோ, அப்படியே நிறுத்துங்கோ. மீதிப் பாதியைத் தொடாதேள். இப்பதான் கமிட்டி உக்காந்திருக்கு, பாதியை வெச்சு என்ன பண்ணலாம்னு பேசிட்டு அரை மணியில சொல்றேன்."

நாவிதர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். வடிவும் பார்த்தாள். போர்மேன் கிரேடு என்று அன்பரசனுக்குக் காதில் விழுந்திருக்க வேண்டும், அவன் முகமே மாறிவிட்டது.

"என்னண்ணே பாத்துக்கிட்டு இருக்கீக, இழுங்க" என்றேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னேன்.

இழுத்தார். வலது பாதியும் என் மடியில் விழுந்தது. தண்ணீர் ஊற்றிச் சந்தனம் தடவினார்கள். வடிவின் சேலைக்குப் பின்னாலிருந்து மகன் மெதுவாக வெளியே வந்தான். என் தலையைப் பார்த்தான், தன் தலையைத் தொட்டுப் பார்த்தான், பிறகு கையை நீட்டி என் தலையைத் தடவினான். சந்தனம் அவன் கையில் ஒட்டியது. "அப்பா மொட்டை" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லோருக்கும் முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன்.

அரை மணியில் போன் மறுபடி அடித்தது. கமிட்டி முடிவு எடுத்துவிட்டது போலிருக்கிறது. அன்பரசன் நீட்டினான். மகன் என் மடியில் உட்கார்ந்திருந்ததால் நான் எடுக்கவில்லை.